ஒரு கணனி, மூன்று திரைகள்

பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பாரும் உளர். மலையகத் தோட்டங்களில் வாழ்வோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் பிறக்க வேண்டியிருந்தது. பத்திரத்தின் அருமையை இவர்களைப் போல் அறிந்தவர் யார்?

அண்மையில் ஹட்டன் நகரிலே ஒரு தட்டச்சுக் கடைக்குச் சென்றிருந்தோம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், பேத்தியுடன் அங்கே அமர்ந்திருந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் அவர் 'லெட்சுமி'. தோட்டத்துச் செக்ரோலிலோ 'லெச்சுமி'. ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு, இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வந்திருந்தார்.

கடைக்கார இளைஞரின் மேசையில் இருந்தது பழைய கணனி ஒன்றுதான், திரைகளோ மூன்று! முதலாவதில் மூலப் பத்திரத்தின் பிரதி தெரிந்தது. இரண்டாவதில் அவர் தட்டச்சுச் செய்தார். அதே பக்கம், வந்தவரை நோக்கித் திருப்பி வைத்த மூன்றாவது திரையிலும் தோன்றியது.

"பாட்டி, அச்செடுக்கிறதுக்கு முன்னே ஒருதரம் பார்த்திடுங்க" என்றார் இளைஞர்.

பேத்தி உரக்க வாசித்தாள். திடீரென நிறுத்தி, "அண்ணே, பாட்டியோட அப்பா பேரு 'கறுப்பையா'. நீங்க 'கருப்பையா'னு அடிச்சிருக்கீங்க" என்றாள். இளைஞர் மூலத்தைப் பார்த்தார், திருத்தினார். அந்தப் பிழை அச்சேறியிருந்தால், மூதாட்டி மீண்டும் ஒருமுறை மலையிறங்க வேண்டி வந்திருக்குமன்றோ!

இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்று விசாரித்தோம். கணனி கணித்ததைப் படமாக்கித் திரைக்கு அனுப்புவது 'வீடியோ கார்ட்' எனப்படும் காட்சி அட்டை. பல கணனிகளில் இவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கும். அவர் வேறோர் அட்டையையும் வாங்கிச் செருகியிருந்தார். உள்ளமைந்த காட்சி வசதி மூலப் பத்திரத்தின் திரையை இயக்குகிறது; புதிய அட்டையின் இரு துவாரங்கள் ஏனைய இரண்டையும் இயக்குகின்றன.

இது புதுமையன்று. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணனியிலேயே எழுத்துக்கு ஒன்றும் வர்ணப் படத்துக்கு ஒன்றுமாக இரண்டு அட்டைகளைச் செருகி, இரண்டு திரைகளை இயக்க முடிந்தது. 1998இல் வந்த விண்டோஸ் 98, பல திரைகளை ஒரே மேசைபோல் விரித்துக் கையாளும் வசதியைத் தந்தது.

இதனை வீட்டில் முயல விரும்பும் நேயர்கள் சிலவற்றைக் கவனித்தல் நலம். முதலிற் கணனியின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரே அட்டையில் இரண்டு, மூன்று துவாரங்கள் இருக்குமாயின், இன்னோர் அட்டைக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. அட்டையைப் புதிதாகச் செருகியதும் உள்ளமைந்த காட்சி வசதி அணைந்துவிடுவதுமுண்டு. பயாஸ் என்னும் தொடக்க அமைப்புக்குள் சென்று அதனை இயங்கச் செய்யலாம். ஆனால் எல்லாக் கணனிகளும் அதற்கு இடந்தரமாட்டா. மின்வழங்கிப் பெட்டி புதிய அட்டையின் சுமையைத் தாங்குமா என்பதையும் அறிந்தே வாங்குக. பின்னர் விண்டோஸ் சாவியையும் 'பி' சாவியையும் சேர்த்து அழுத்தினால், ஒரே காட்சியை இரு திரைகளிலும் காட்டுவதா, மேசையை விரிப்பதா என்று தெரிவு செய்யலாம்.

இரண்டு அட்டைகள் இருப்பதால் கணனியின் வேகம் இரட்டிப்பாகுமென்று எண்ணிவிடலாகாது. கூடுவது கண் பார்க்கும் இடமேயாகும். இடி முழங்கும் நாட்களில், மலைநாட்டு வழக்கப்படி எல்லாச் செருகிகளையும் கழற்றி வைப்பதே விவேகம்.

விடைபெறும் வேளையில், மூன்றாவது திரை எதற்கென்று வேண்டுமென்றே வினவினோம்.

"பேரு அவங்களோடது, அவங்கதானே முதல்ல பார்க்கணும்?" என்றார் இளைஞர்.

மூதாட்டி தம் பத்திரத்தை மார்போடணைத்தபடி படியிறங்கிக் கொண்டிருந்தார்.