மிதக்க ஆசை... தண்ணி எங்கே?

"அத்தான், உங்க பி.எஃப்.ல இருந்து ரெண்டு லட்சம் எடுத்துக் குடுங்க. சித்தாத்துல மெதக்குற வைத்தியசாலை கட்டப் போறேன்!"

மச்சினன் இப்படிச் சொன்னதும், தின்ற இட்லி என் தொண்டையிலேயே நங்கூரம் போட்டுவிட்டது. எங்கள் ஊர் திருவேங்கடம், சார். கரிசல் பூமி. மழை பெய்தால் செருப்பில் அப்புகிற மண்தான் நாங்கள் பார்த்த அதிகபட்ச ஈரம்!

மரம், மூங்கில், ஓலை, கயிறு... சிமென்டே கிடையாதாம். எண்ணெய்த் தேய்ப்பு, மூலிகைக் குளியல், ராத்திரி தவளைக் கச்சேரி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கியூவில் நிற்பார்களாம்.

பணமோ மகள் காலேஜுக்காகச் சேர்த்தது. "முடியாதுல" என்றால் வீட்டில் மூணு நாள் ரசம்தான். "மொதல்ல செஞ்சவங்களைப் பாப்போம்" என்று தென்காசியில் ரயிலேறி, கொல்லம் வழியாக ஆலப்புழை போனோம்.

அங்கே 'கெட்டுவள்ளம்' என்றால் கட்டிய படகு. ஒருகாலத்தில் நெல் சுமந்தது. லாரிகள் வந்ததும் பிழைப்புப் போச்சு. 1990-களில் அதன்மேல் அறை கட்டி, டூரிஸ்ட்டுகளை ஏற்றி மறுவாழ்வு கொடுத்தார்கள்.

படகுப் பட்டறையில் ஒரு முதிய ஆசாரி. ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிறால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆணி இல்லை! இடுக்கில் நார் திணித்து, மேலே முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுவார்களாம்.

"ஆணின்னா துரு. கயிறுன்னா அவிழ்த்து மறுபடி தைக்கலாம்" என்றார். மச்சினன் பரவசமாகிவிட்டான். எனக்கு வயிற்றைக் கலக்கியது... பி.எஃப். போச்சு!

அப்போது ஆசாரி கேட்டார்: "உங்க ஆத்துல சித்திரையில எத்தனை அடி தண்ணி?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். குற்றால மலையில் பிறக்கிற சித்தாறு, கோடையில் பல இடங்களில் வெறும் மணல்.

"சரி, கக்கூஸ் தண்ணி எங்க போகும்?"

அதற்கும் மௌனம்.

வேம்பநாட்டுக் காயல் 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய உலகப் புகழ் ஈரநிலம். அதையே படகுக் கழிவு கெடுக்கிறது என்று வருடக்கணக்காகப் புகார். கழிவைத் தொட்டியில் பிடித்துக் கரையில்தான் இறக்க வேண்டும். ஓலைக் கூரை போட்டுவிட்டு அடியில் குழாயைத் திறந்துவிட்டால், அது இயற்கை வைத்தியமா? சித்தாறு சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. கீழே குடிப்பது நம்ம ஜனம்தானே!

திரும்பும் ரயிலில் மச்சினன் பேசவேயில்லை. புனலூர் தாண்டியதும் சொன்னேன்: "பன்னெண்டு மாசத் தண்ணிக் கணக்கு கொண்டாடே. அப்புறம் பேசுவோம்."

தட்டிக் கழித்தாச்சு என்றுதான் நினைத்தேன். பயல் இப்போது ஞாயிறுதோறும் தென்காசி போய், ஆற்றில் குச்சியை விட்டு அளந்து நோட்டில் எழுதுகிறான். முதல் பக்கத்தில் படகுப் படம். அதில் அவன் முதலில் வரைந்திருப்பது அறையோ கூரையோ இல்லை... கழிவுத் தொட்டி!

பி.எஃப். விண்ணப்பத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை, சார்.