பழைய கேம் மெஷின் ஜாய்ஸ்டிக் இறுகிடுச்சா? தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீங்க!

ஆர்கேட் ஜாய்ஸ்டிக் கிறீச்சிட்டால் நம்ம கை முதலில் தேடுவது தேங்காய் எண்ணெயைத்தான். கள்ளக்குறிச்சி வெயிலில் சிக்கல் தெரியாது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. ஜாய்ஸ்டிக்குக்குள்ளும் அதே கதைதான்; போகப்போக பிசுக்காகித் தூசியையும் பிடிக்கும்.

டபிள்யூடி-40? 1953-ல் ஈரத்தை விரட்ட உருவான திரவம் அது. துருவுக்கு ஓகே, வழவழப்பு நீடிக்காது. பைக் கிரீஸ் சில பிளாஸ்டிக்கை உப்ப வைக்கும், விரிசல் விடும். 30 வருஷப் பழைய பாகம் உடைஞ்சா மாற்று கிடைப்பது கஷ்டம்.

பிளாஸ்டிக்குக்கு ஏற்றது சிலிக்கோன் கிரீஸ். கரண்டைத் துண்டித்து, பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு, தண்டு அசையும் குமிழில் கடுகளவு தடவினால் போதும். மைக்ரோ ஸ்விட்சில் மட்டும் படக்கூடாது. உள்ளே இறங்கினால், நீங்க எந்தப் பக்கம் தள்ளினாலும் மெஷினுக்குத் தெரியாமல் போகலாம்.