வெட்டுத் துண்டுப் போர்வையும் ஒரு கூட்டுறவுச் சங்கமும்

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து வில்காக்ஸ் ஜில்லாவிலே, வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஆப்பிரிக்க வமிசக் குடும்பங்களில் கிழிந்த வேலையுடுப்பும் மாவுச் சாக்கும் வீணானதில்லை. பெண்டிர் நைந்த பாகத்தைத் தள்ளி, உறுதியான பாகத்தை வெட்டி இணைத்து மேற்புறமாக்குவர். அடியில் வேறு துணி விரித்து, நடுவே பஞ்சைச் சீராகப் பரப்பி, மூன்றும் விலகாவண்ணம் நெருக்கமாக ஓட்டுத் தையலிடுவர். தையல் அகன்றிருந்தால், துவைக்குங்கால் பஞ்சு ஒருபுறம் திரண்டுவிடும்.

வாக்காளராய்ப் பதிந்துகொண்டமைக்காகப் பலர் குடியிருப்பை இழந்த காலத்தில், 1966-ம் வருஷம், இப்பெண்டிர் 'பிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தனர். சங்கம் நிலம் வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மனைகள் விற்றது. இலாபப் பங்கினும் இதுவே பெரிதென்பது நமது அபிப்பிராயம்.

1972-ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய்த் தலையணை உறை தைக்க ஒப்பந்தமாயிற்று. சரக்கு யாவும் ஒரே மாதிரி இருத்தல் வேண்டும். கைத்திறனுக்கு அதில் இடமில்லை. ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுகளை அங்கத்தினர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் மனம்போல் போர்வையாக்கினர். கார்டுராய் கனத்த துணி. நுணுக்கமான வளைவுக்கு இசையாது. ஆகவே அகன்ற பட்டைகளாகவே இணைத்தனர். அவற்றுட் சில பின்னர்க் கலைக்காட்சிச் சாலைகளில் வைக்கப்பெற்றன.