ஃபைல் இருக்கிறது, உரிமையாளர்தான் இல்லை

குண்டடம் பக்கம் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் சிஸ்டம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ்காரர் புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு, பழைய ஹார்ட்டிஸ்க்கைக் கூடவே மாட்டித் தருகிறார். டிசைன் ஃபோல்டரைத் திறந்தால் 'ஆக்சஸ் டினைடு'.

"ஏனுங்க, பஞ்சிங் ஃபைல் பூராவும் போயிருச்சுங்களா?"

போகவில்லை. பயந்துபோய் டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் போகும். ஒரு லோகோவைத் தையல் தையலாகப் பிரித்துப் பஞ்சிங் செய்தவரின் உழைப்பு அதில் இருக்கிறது. அதை அழிய விடக்கூடாது.

1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. டிஸ்க்கில் பதிவாவது 'முருகன்' என்ற பெயரல்ல. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. பழைய எண்ணுக்கு உரியவர் இந்தக் கணினியில் யாரும் இல்லை.

அட்மினிஸ்ட்ரேட்டருக்கு இங்கே ஒரு தனி அதிகாரம் உண்டு: அனுமதியே இல்லாத ஃபைலையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை வலது கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்க வேண்டும். சாதாரணமாகத் திறந்தால் அந்த அதிகாரம் வேலை செய்யாது. 'டேக்ஓன்' கட்டளையில் ஸ்லாஷ் எஃப் போட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுக்கிறோம். ஸ்லாஷ் ஆர் சேர்த்தால் உள்ளே இருக்கும் அத்தனையும் மாறும்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, இன்னும் திறக்கவில்லையே என்று தவிக்கிறார்கள். உரிமையாளர் ஆவது வேறு, படிக்கும் அனுமதி வேறு. உரிமையாளருக்கு நிச்சயமாகக் கிடைப்பது அனுமதியை மாற்றும் உரிமை. அதைக் கொண்டு, ஐ-சி-ஏ-சி-எல்-எஸ் என்ற எழுத்துகளைச் சேர்த்துத் தட்டும் கட்டளையால் நம் கணக்குக்கு முழு அனுமதி தர வேண்டும்.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, இந்த வழியில் அட்மின் ஓசையில்லாமல் அடுத்தவர் ஃபைலுக்குள் புகுந்துவிட முடியாது என்பது. எடுத்துக்கொண்டால் உரிமையாளர் இடத்தில் அவர் பெயர் நிற்கும். பழையவர் பெயருக்குத் திருப்பி எழுத வேறோர் அதிகாரம் வேண்டும்.

விண்டோஸ் ஃபோல்டர் மீது மட்டும் இதை ஓட்டாதீர்கள். அங்கே 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' உரிமையாளராக இருப்பது சிஸ்டம் ஃபைல்களைக் காப்பதற்காக. என்கிரிப்ட் செய்த ஃபைலுக்கும் இது உதவாது. பெயர் மாறும், பூட்டு திறக்காது. அதற்கான சாவிச் சான்றிதழைப் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.