சுட்ட தோட்டாவை மீண்டும் நிரப்புதல்

சென்ற பொங்கலுக்கு மறுநாள் மாரிகுப்பம் ரயிலடியில் நமது சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மைக் கண்டு, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். மேஜை ஒன்று, அதன்மேல் கைப்பிடியுள்ள இரும்பு அழுத்துபொறி, சிறு தராசு, வரிசையாகப் பித்தளைக் கூடுகள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய பேரன் மான் வேட்டைக்குச் செல்பவன். இப்பொழுது தோட்டாவையும் வீட்டிலேயே நிரப்பத் தொடங்கியிருக்கிறான்.

"தம்பி, நாலு சுவருக்குள்ளே மருந்து வைக்கிறான். இது ஆகுமா?" என்றார் பெரியவர்.

அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேட்டு வைத்தவர். மைசூர் மைன்ஸில் அக்காலத்தில் துப்பாக்கி பிடித்தவர்கள் வேறு. வெள்ளையரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்த துணைப்படைப் பட்டாளம் ஒன்று இங்கு இருந்தது. மருந்து பிடித்தவர்கள் நம்மவர்கள். டைனமைட்டைத் தொட்ட கையோடு தலைவலியும் வீடு வந்து சேரும் என்பதை அறியாத லயன் வீடு அந்நாளில் இல்லை. ஆகவே அவருடைய கேள்வியைக் கிழவரின் வீண் பயம் என்று நாம் தள்ளிவிடவில்லை. தேடிப் படித்து அறிந்ததை அவருக்குச் சொன்னோம். பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பியுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று இங்கே எழுதுகிறோம்.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மூன்று போய்விடுகின்றன. கூடு மட்டும் மிஞ்சுகிறது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அப்பித்தளை வாயு அழுத்தத்தில் விரிந்து, பின் சற்றே சுருங்கி, பலமுறை உழைக்கும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைப்பதே இத்தொழில். ஆனால் எல்லாக் கூடும் இதற்கு இணங்காது. அடியில் நடுவே ஒரு துளையுள்ள கூட்டில் பழைய கேப்பை ஓர் ஊசியால் தள்ளிவிடலாம். இரு சிறு துளைகள் உள்ளதில் அது எளிதன்று. முன்னதை வகுத்தவர் பாக்ஸர் என்னும் ஆங்கிலேயர்; பின்னதை வகுத்தவர் பெர்டான் என்னும் அமெரிக்கர். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஆங்கிலேயர் முறையைப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பாவில் அமெரிக்கர் முறை பரவியது!

மருந்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் நீலகிரி மலை ரயிலில் சென்றவர்களுக்கு அரவங்காடு நிலையம் நினைவுக்கு வரும். அங்குள்ள தொழிற்சாலை கார்டைட் என்னும் புகையில்லா மருந்துக்கென ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்டது. வீட்டு மேஜையில் இன்று நிரப்பப்படுவதும் புகையில்லா மருந்தே. திறந்த வெளியில் அது சீறி எரியும். அடைபட்ட கூட்டிலோ பெரும் அழுத்தமாகும். அடித்தால் வெடிப்பது கேப்பு. "அதுதானே எங்கள் கேப்பும்" என்றார் பெரியவர்.

மருந்தை நிறுப்பது கிரெயின் என்னும் எடையால். இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நம் சுரங்கத்தில் டன் கல்லுக்கு எத்தனை பென்னிவெயிட் தங்கம் என்று கணக்கிட்டார்களே, அந்தப் பென்னிவெயிட் ஒன்றுக்கு 24 கிரெயின். 8 கிராம் சவரன் ஏறக்குறைய 123 கிரெயின். சாதாரண வேட்டைத் துப்பாக்கித் தோட்டா ஒன்றின் மருந்து அரைச் சவரன் எடைக்கும் பெரும்பாலும் குறைவே. உச்ச அளவை நெருங்கிய இடத்தில் ஓரிரு கிரெயின் கூடினாலும் துப்பாக்கி பிளந்து கண்ணும் கையும் போகலாம். எனவே அச்சிட்ட அளவு நூலைப் பார்த்து, அதில் கண்ட தொடக்க அளவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். நண்பன் வாய்ச்சொல்லை நம்பலாகாது. மேஜைமேல் ஒரே மருந்துப் புட்டிதான் இருக்கலாம். கவனம் பிசகினால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழும். நிரப்பிய கூடுகளை விளக்கொளியில் எட்டிப் பார்த்தபிறகே குண்டு வைக்க வேண்டும். அரட்டையும் தொலைக்காட்சியும் அவ்வறையில் ஆகா. ஈயத் தூசி படிவதால் அங்கே உண்ணலாகாது. கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கலாகாது. சுட்டும் வெடிக்காத தோட்டாவை உடனே திறவாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டிக் காத்திருக்க வேண்டும். வெடிக்காத வேட்டுக்கு அருகே அவசரப்பட்டுப் போனவர்களின் கதையைப் பெரியவரே நமக்குச் சொன்னார். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

அமெரிக்க நடுவண் சட்டப்படி தன் உபயோகத்திற்கு நிரப்பிக்கொள்ள உரிமம் வேண்டியதில்லை, விற்பதற்கே வேண்டும். நம் நாட்டில் அப்படியன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற்றவர் தோட்டா செய்யவும் உரிமம் பெற்றவராகார். 2019-இல் வந்த திருத்தத்தின்படி தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் வரையும் போகும். தோட்டாவின் உறுப்புகளும் அதைச் செய்யும் பொறியும்கூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாவைச் சேர்ந்தவையே. பேரன் பழைய அழுத்துபொறியை மாமனுக்கு அன்பளிப்பாக அனுப்பினால், மாமன் பாடு திண்டாட்டம்தான். ரயிலில் வெடிபொருள் கொண்டுசெல்வதையும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தண்டிக்கிறது. இது நமது இலாகா விஷயம்.

இங்கே பெரியவர் சற்றுத் திடுக்கிட்டார். கோடை விடுமுறைக்கு வருகையில், ஆண்டர்சன்பேட்டையிலுள்ள சின்னவனுக்குச் சாவிக்கொத்தில் கோக்க வெற்றுக் கூடு ஒன்று கொண்டுவருவதாகப் பேரன் எழுதியிருந்தானாம். வேறு உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு உறுப்பு குற்றமாகாதென்று வாதிடச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வாதிடும் இடம் நீதிமன்றம், விமான நிலையத்தில் பெட்டி திறந்து கிடக்கும் வேளையன்று என்றோம். அவர் அங்கேயே பேரனை அழைத்தார்.

"மேஜைக்குப் பூட்டு இருக்கா? ராசா, நிறுக்கிறப்போ பேசாதே. இன்னொண்ணு, சின்னவனுக்கு அந்தப் பித்தளை வேணாம். சட்டைத் துணி வாங்கி வா."

அதற்குள் பங்காரப்பேட்டை வண்டிக்கு நேரமாகிவிட்டது. நாம் சீட்டுக் கொடுக்கப் போனோம்.