அழைப்பின் விலை

மலேசியாவின் தங்காக் நகருக்கு வடகிழக்கே எழுந்து நிற்கிறது லேடாங் மலை. உயரம் 1,276 மீட்டர். அம்மலையில் உறையும் இளவரசியை மணக்க விழைந்தார் மலாக்காவின் சுல்தான் மகுமூது என்று சொல்கிறது மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’. அவள் விலை சொன்னாள்: மலாக்கா முதல் மலை வரை பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டுக் கொசு நெஞ்சம், ஏழு தட்டுச் சிற்றுண்ணி நெஞ்சம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி பாக்குச் சாறு, மன்னர் குருதி ஒரு கிண்ணம், மைந்தன் குருதி ஒரு கிண்ணம்.

கொசுவின் நெஞ்சம் முதுகோரமாக நீளும் மயிரிழைக் குழாய். அதைத் தட்டில் குவிக்க எத்தனை கொசுக்கள் வேண்டும்! மன்னர் அதற்கும் அஞ்சவில்லை. குருதி எடுக்கத்தான் மனம் துணியவில்லை. பொன்னும் ஏவலாளரும் தீர்த்துவிடும் விலை எந்த வேந்தனையும் நிறுத்தாது. தன் உடலையும் தன்னைச் சார்ந்தோரையும் தொடும் விலையே நிறுத்தும்.

வேற்றுலகத்தாரை வரவழைக்கும் மேசை விளையாட்டுகளுக்கும் இவ்வறிவு தேவை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது நம் பாட்டிமார் காத்த வரவழைப்பு விதி. இரு கட்டைகளில் அதன் நிகழ்தகவு எட்டில் ஒன்று. 1974-இல் பிறந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஒரு மறைமொழி, விலங்குருக் கொண்ட ஆவிகளை எளிதில் கொணர்கிறது. வலிய ஒன்று வரலாம். எளிய எட்டும் வரலாம்.

கணக்கிடுவோம். பகைவனின் காப்பு எண், அதாவது அடி பட எட்டவேண்டிய எண், 15. துருவக்கரடி ஒன்று வந்தால், கடியும் அறையுமாக ஒரு சுற்றில் சராசரி ஏறத்தாழ 14 புள்ளி சேதம். எட்டு ஓநாய்கள் வந்தால், தாக்குதலுக்கான கூட்டெண் போக, ஒவ்வொன்றும் இருபதுமுகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் பெற வேண்டும். வாய்ப்பு பாதி, அடி 7. ஆகச் சராசரி 28. கூட்டமாய்ச் சூழும்போது இரு பகடை உருட்டி உயர்ந்ததைக் கொள்ளும் உரிமையும் அவற்றுக்கு உண்டு. வாய்ப்பு முக்காலாகிச் சராசரி 42-ஐத் தொடும். ஒரே அழைப்பு, மும்மடங்கு வலிமை! அதற்காக அழைத்தவர்க்குக் கூடுதலாக ஏதும் குறைவதில்லை. எட்டும் ஆடி முடியும்வரை தோழர்களே காத்துக் கிடக்கிறார்கள். அதுவே இங்கே மைந்தன் குருதி.

எட்டுக்கும் ஒரே உருட்டல் என்று சிலர் வீட்டு விதி வகுப்பர். சராசரி மாறாது, சிதறல் பெருகும். வாய்ப்பு பாதியாக இருக்கையில், தனித்தனியே உருட்டினால் பட்ட அடிகளின் எண்ணிக்கைக்குத் திட்ட விலக்கம் 1.4, ஒன்றாய் உருட்டினால் 4. எட்டும் படும், அல்லது எட்டும் தவறும். கதையைச் சூதாக்கும் இவ்விதியை நான் ஏற்பதில்லை. நந்நான்காக இருமுறை உருட்டுவதே தகும்: விலக்கம் 2.8, உருட்டல்கள் கால்பங்கு. 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு கூட்டத்தையே ஒற்றை ஆவித்திரளாக்கி இச்சிக்கலைக் களைந்தது; எனினும் தனித்தனி ஓநாய்களின் அழகு அதில் போய்விட்டது.

பழைய பதிப்பை ஆடுவோர் மற்றொன்றும் சேர்க்க வேண்டும்: ஓநாய்கள் பாயும் சுற்றில் அழைத்தவர் தாம் தாக்கலாகாது. தோழர்கள் தந்துவந்த விலையை இனி அவரே தருவார்.