கார்ட்டூன் என்று ஒதுக்கிவிடாதீர்கள்!
யப்பானிய விஞ்ஞானக் கற்பனைப் படங்கள் சில

"கார்ட்டூன்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாம் குசினிக்குள் போய்விடுகிறோம். புதிதாக வந்து குடியேறிய வீடுகளில் இது வழக்கம். தாய்க்கு மொழி வகுப்பு, தகப்பனுக்கு இரவு வேலை. பிள்ளைகளோ வந்து ஆறு மாதத்திற்குள் எமக்குப் பிடிபடாத மொழியில் சிரிக்கவும் சண்டை பிடிக்கவும் பழகிவிடுகிறார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் அவர்கள் அமைதியாக இருந்தால் அதுவே பெரிய நிம்மதி என்று நினைக்கிறோம்.

நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் நூலகத்திலிருந்து 'அகிரா' என்ற யப்பானியப் படத்தை எடுத்து வந்தேன். அட்டையில் சிவப்பு நிற மோட்டார் சைக்கிளும் ஒரு பொடியனும். எட்டு வயதுப் பிள்ளையை முன்னால் இருத்திப் போட்டுவிட்டேன். சிறிது நேரத்திலேயே நிற்பாட்ட வேண்டி வந்தது. தெருச் சண்டை, பொலிஸ் தடியடி, இரத்தம். அட்டையின் மூலையில் வயதெல்லை போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் படுத்த பிறகு மிச்சத்தைத் தனியே இருந்து பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

கட்சுஹிரோ ஒட்டோமோ தான் வரைந்த சித்திரக்கதையைத் தானே இயக்கி 1988 ஜூலை 16 இல் வெளியிட்ட படம் அது. கதையில் பழைய ரோக்கியோ நகரம் அழிந்துபோவதும் அதே 1988 ஜூலை 16 இல்தான். முப்பத்தொரு வருடங்களுக்குப் பின் 2019 இல் புதிய ரோக்கியோ எழும்பி நிற்கிறது. 2020 ஒலிம்பிக் போட்டிக்கு மைதானம் கட்டுகிறார்கள். உண்மையான ரோக்கியோவுக்கும் 2020 ஒலிம்பிக் கிடைத்து, கொரோனாத் தொற்றினால் 2021 இல் நடந்தபோது இந்தப் படத்தைப் பலர் நினைத்துக்கொண்டார்கள். சோதிடம் என்று சொல்லமாட்டேன். அழிந்த நகரத்தின் மேல் அவசரமாகக் கட்டிய புதுநகரம், தகப்பன் தாய் இல்லாமல் தெருவில் வளரும் பொடியன்கள், அவர்களில் ஒருவனுக்குத் திடீரென்று கிடைக்கும் அளவற்ற சக்தி, அதனால் அவன் தன் நண்பனுக்கே எதிரியாவது. கதை இதுதான். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காட்டாதீர்கள். நீங்கள் கட்டாயம் பாருங்கள்.

யப்பானியர் உயிரூட்டிய சித்திரப் படங்கள் எல்லாவற்றையும் 'அனிமே' என்கிறார்கள். அதில் குழந்தைகளுக்கானதும் உண்டு, வளர்ந்தவர்களுக்கு மட்டுமானதும் உண்டு. நூற்றுக்கணக்கான பாகங்களாக ஓடும் தொடர்களும் உண்டு. அவற்றைத் தொடங்கினால் பள்ளிக்கூடப் பாடம் போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு; அந்தப் பயம் நியாயமானதே. ஆகவே நான் இங்கு சொல்லப்போவது ஒரே இருப்பில் முடிகிற தனிப்படங்களைப் பற்றி. ஆனால் படம் என்று விற்கப்படுவதெல்லாம் தனிப்படம் அல்ல. 'எவன்கெலியன்' என்ற தொடரின் முடிவாக 1997 இல் ஒரு படம் வந்தது. தொடரைப் பார்க்காதவருக்கு அதில் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. எடுக்கும்போது நூலக ஊழியரிடமோ உங்கள் மகனிடமோ "இது தொடரோடு சேர்ந்ததா, தனியானதா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஹயாவோ மியசாகியின் 'காஸில் இன் த ஸ்கை' (1986). வானத்தில் மிதக்கும் ஒரு கோட்டையைத் தேடிப் போகும் சிறுவனும் சிறுமியும். 1984-85 இல் பிரித்தானியாவில் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையொட்டி வேல்ஸ் பகுதிக்குப் போய்ப் பார்த்தவர் மியசாகி. படத்தின் சுரங்கக் கிராமம் அங்கிருந்து வந்ததுதான். எல்லோரும் கைவிட்டுப் போன கோட்டையில் ஒரு இயந்திர மனிதன் மட்டும் தோட்டத்துக்குக் காவல் நின்று, குருவிக் கூட்டைக் கலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பத்து, பன்னிரண்டு வயதாகிவிட்டால் அதே மியசாகி 1984 இல் செய்த 'நௌசிகா' பார்க்கலாம். பெரும் போர் ஒன்று உலகத்தை எரித்து ஆயிரம் வருடமாகிவிட்டது. நிலமெல்லாம் நச்சுக் காடு. முகமூடி இல்லாமல் அதற்குள் மூச்சுவிட முடியாது. வீடுபோல் பெரிய பூச்சிகள் அதைக் காக்கின்றன. காட்டை எரித்துவிட வேண்டும் என்று இரண்டு நாடுகள் நிற்கின்றன. இடையில் காற்றாடி ஆலைகளோடு ஒரு சிறிய பள்ளத்தாக்கு. அதன் இளவரசி நௌசிகா அந்தக் காட்டுச் செடிகளையே கொண்டுவந்து, ஆழ்கிணற்று நீரும் சுத்த மண்ணும் கொடுத்து இரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். அப்படி வளர்ந்த செடியில் நஞ்சு இல்லை! நஞ்சு மண்ணில்தான் இருக்கிறது. அதை இழுத்துச் சுத்தம் செய்வதற்கே காடு முளைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் நான் காணவில்லை. எதிரி என்று எல்லோரும் சுட்டிக்காட்டியதை ஒரு பெண் சோதித்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு நடந்த ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். 1985 இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்து, பெயரையும் மாற்றி, வெறும் சண்டைப் படமாக ஆக்கிவிட்டார்கள். கார்ட்டூன் என்றால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற அதே எண்ணம்தான்! அதன் பின் மியசாகியின் நிறுவனம் வெட்டுவதற்கு இடம் கொடுப்பதில்லை. பழைய வீடியோக்கள் எங்காவது கிடைத்தால் எடுக்காதீர்கள். முழு நீளம் 117 நிமிடம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த படத்துக்கு வருகிறேன். மமொரு ஒஷீ 1995 இல் இயக்கிய 'கோஸ்ற் இன் த ஷெல்'. கதை நடக்கும் வருடம் 2029. மனிதரின் மூளையை நேரே கணனி வலையோடு இணைத்துவிடும் காலம். கதாநாயகி மோட்டோகோ அரசாங்கத்தின் இரகசியப் பிரிவில் அதிகாரி. மூளையைத் தவிர அவளுடைய உடல் முழுவதும் செய்தது. வேலையை விட்டால் உடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்! அவள் ஒரு குற்றவாளியைத் தேடுகிறாள். மற்றவர் மூளைக்குள் புகுந்து ஆட்டிவைப்பவன் அவன்.

அவனிடம் அகப்பட்டவர்களில் ஒருவர் குப்பை லொறியில் வேலை செய்யும் சாதாரண மனிதர். மனைவி, மகள் என்று ஓயாமல் பேசுகிறார். மகளின் படத்தைக் கூட வேலை செய்பவருக்குக் காட்டுகிறார். பிடித்து விசாரிக்கும்போதுதான் தெரிகிறது, அவருக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை. அந்தப் புகைப்படத்தில் இருப்பது அவரும் ஒரு நாயும் மட்டுமே. முழுவதும் யாரோ புகுத்திய நினைவு. அதை எடுத்துவிட முடியாதா என்று அவர் கேட்க, அதிகாரிகள் கையை விரிக்கிறார்கள். ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து, திகதி, இடம், பெயர் என்று தன் நினைவையே சாட்சியாகக் கொடுத்துப் பழகிய எம்மவர் யாரும் அந்தக் கட்டத்தைச் சும்மா பார்த்துவிட்டு எழும்பமாட்டார்கள்.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. தேடப்பட்ட 'குற்றவாளி' கடைசியில் ஒரு உடைந்த இயந்திர உடலுக்குள் அகப்படுகிறான். அவன் மனிதனே அல்ல. வலைக்குள் தானாக உணர்வு பெற்ற ஒரு கணனி நிரல். அவன் அதிகாரிகளிடம் கேட்பது என்ன தெரியுமா? அரசியல் தஞ்சம்! நீ தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வெறும் நிரல்தானே என்று ஒரு அதிகாரி சொல்ல, மனிதரின் மரபணுவும் அப்படியான ஒரு நிரல்தான் என்று பதில் வருகிறது. தஞ்சம் கேட்பவன் தான் யார் என்பதை எப்படி நிரூபிப்பது? பிறந்த இடமில்லை, பத்திரமில்லை, உடம்புகூடத் தன்னுடையதல்ல. இந்தக் கேள்வியை ஒரு சித்திரப் படத்தில் காண்பேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நீளம் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு. நடுவில் பேச்சே இல்லாமல் மழையும் கால்வாயும் தெருக்களுமாகச் சில நிமிடங்கள் போகும். அந்த நகரத்தை ஹொங்கொங்கைப் பார்த்து வரைந்தார்கள். கெஞ்சி கவாயின் இசைக்காகவே அந்தப் பகுதியைத் திரும்பப் பார்க்கலாம். படத்தில் உடையில்லாத காட்சிகளும் கடும் வன்முறையும் உண்டு. பிள்ளைகளோடு பார்க்க உதவாது. பல்கலைக்கழகம் போகும் வயது மகனோடோ மகளோடோ பார்க்கலாம்.

அதே 1995 இல் வந்த 'மெமரீஸ்' மூன்று குறும்படங்கள் சேர்ந்தது. முதலாவதில் விண்வெளியில் கேட்கும் ஒரு அபயக் குரலைத் தேடிப் போகிறவர்களில் மகளை இழந்த ஒரு தகப்பன் இருக்கிறார், மிச்சத்தைச் சொல்லமாட்டேன். இரண்டாவது சிரிப்பு. தடிமனுக்கு மருந்தென்று நினைத்து ஆராய்ச்சிச் சாலையில் எதையோ விழுங்கிவிட்ட ஒரு வாலிபனின் அட்டகாசம். மூன்றாவதை ஒட்டோமோவே இயக்கினார். ஒரு நகரம் முழுவதும் பீரங்கி. தகப்பன் குண்டு ஏற்றுபவர், தாய் குண்டு செய்யும் ஆலையில், மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதும் அதே. ஒவ்வொரு நாளும் சுடுகிறார்கள். எதிரியை ஒருவரும் கண்டதில்லை. யாரோடு சண்டை என்று பிள்ளை கேட்க, வளர்ந்தால் விளங்கும் என்கிறார் தகப்பன். இருபது நிமிடமளவில் ஓடும் அந்தப் படத்தை முடித்துவிட்டு எங்கள் வீட்டில் ஒருவரும் உடனே பேசவில்லை.

பருவ வயதுப் பெண்பிள்ளைகளுக்கு மமொரு ஹொசோடாவின் 'த கேர்ள் ஹூ லெப்ட் துரூ டைம்' (2006) பொருத்தம். காலத்தில் பின்னோக்கிப் பாயும் வல்லமை ஒரு பள்ளி மாணவிக்குக் கிடைக்கிறது. அவள் அதைப் புடிங் சாப்பிடவும் பரீட்சையைத் திரும்ப எழுதவும் செலவழிக்கிறாள்! நாமும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்போம். சிரித்துக்கொண்டே போய் முடிவில் தொண்டை அடைக்கும்.

இன்னொரு படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விஞ்ஞானக் கற்பனை அல்ல என்றாலும், யப்பானிய சித்திரப் படம் என்று கேட்டால் பலரும் முதலில் கையில் தருவது 'கிரேவ் ஒவ் த ஃபயர்பிளைஸ்' (1988). 1945 இல் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த அண்ணனும் தங்கையும். இயக்குநர் இசாவோ தகஹாட்டா ஒன்பது வயதில் ஒகயாமா நகரத்தின் மீதான விமானக் குண்டுவீச்சில் தப்பியவர். ஆகவே அதில் பொய் இல்லை. மிகச் சிறந்த படம்தான். ஆனால் பங்கருக்குள் இருந்து எழும்பி வந்த எமது வீடுகளில் அதை யோசித்துப் போடுங்கள். விமானச் சத்தத்துக்கு இன்றும் திடுக்கிடும் அம்மம்மா இருக்கும் அறையில் வேண்டாம்.

மொழி பற்றி ஒன்று. இப்படங்களைப் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பார்க்கலாம்: இந்நாட்டு மொழியில் குரல் மாற்றியது, அல்லது யப்பானிய மொழியிலேயே, கீழே உபதலைப்பு எழுத்துக்களோடு. குரல் மாற்றியதைப் போட்டு, கீழே அதே மொழியின் எழுத்தையும் வரவிடுங்கள். மொழி வகுப்பில் மூன்று மாதம் பிடிபடாத பேச்சு வழக்கு கண்ணாலும் காதாலும் ஒன்றாக ஏறும். இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்துவராது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். விளங்காத இடத்தில் நிற்பாட்டிப் பிள்ளையைக் கேளுங்கள். தமிழில் விளங்கப்படுத்த அது முதலில் தடுமாறும். "கணனி நிரல்" என்பதற்குச் சொல் தெரியாமல் என் மகள் "கொம்பியூட்டருக்கு எழுதின சமையல் குறிப்பு" என்றாள். பிழையில்லை!

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, மக்கோட்டோ ஷிங்காய் 2002 இல் வெளியிட்ட 'வொய்சஸ் ஒவ் எ டிஸ்டன்ற் ஸ்டார்'. வீட்டுக் கணனி ஒன்றில் பெரும்பாலும் தனியொருவராக இருந்து செய்த படம். ஒரே பள்ளிக்கூடத்துப் பொடியனும் பெட்டையும். அவளை விண்வெளிப் படைக்கு எடுத்துவிடுகிறார்கள். கைத்தொலைபேசியில் இருவரும் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். கப்பல் தூரம் போகப் போகச் செய்தி வந்து சேரும் காலம் கூடுகிறது; ஒளியைவிட வேகமாகச் செய்தி போக முடியாதல்லவா? கடைசியில் அவள் நிற்பது சிரியஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஒளி பூமிக்கு வர எட்டரை வருடத்துக்கு மேல் எடுக்கும். அவள் இன்னும் பதினைந்து வயதுப் பிள்ளை. அவள் எழுதியதை வாசிக்கும்போது அவன் இருபத்துநான்கு வயது இளைஞன். ஊரிலிருந்து கடிதம் வர மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த கடிதத்தில் சுகம் என்று எழுதியவர் இப்போதும் சுகமாக இருக்கிறாரா என்று திரும்ப யோசித்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. இருபத்தைந்து நிமிடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போடுங்கள்.